தினம் தடுக்கும் இடத்திலிருந்து தொடங்குங்கள்

கேள்வி: தாராவி 90 அடி சாலைப் பக்கம் வசிக்கிறேன். பி.காம் முடித்துவிட்டு குர்லாவில் ஒரு சின்ன வெப்சைட் ஆபீசில் நான்கு வருடமாக வேலை. வெப்சைட் கட்டும் மென்பொருளான வேர்ட்பிரஸ்ஸில், கோட் எழுதாமல் இழுத்துப் போட்டே பக்கம் அமைக்கும் பேஜ் பில்டர் வைத்து மாதம் மூன்று நான்கு தளம் முடித்துக் கொடுப்பேன். சம்பளம் 22,000. ‘இழுத்துப் போடுகிற வேலைதானே, இதெல்லாம் டெவலப்மென்ட்டா’ என்று கேட்கிறார்கள். வேலையை விட்டுவிட்டு, ஜாவாஸ்கிரிப்ட்டில் திரைகள் கட்டும் ரியாக்ட் படிக்கலாமா? தோழி ஒருத்தி வேர்ட்பிரஸ் மீட்டப்புக்கு அழைத்துப் போனாள். எல்லோரும் இங்கிலீஷில் பேசினார்கள், ஓரமாக உட்கார்ந்திருந்துவிட்டு வந்தேன். காசு வாங்காமல் அந்தச் சமூகத்துக்கு உழைத்தால் எனக்கு என்ன கிடைக்கும்? இன்னொன்று, எங்கள் ஆபீசில் விலை கொடுக்க வேண்டிய தீம்களை (தளத்தின் தோற்றத்துக்கான கோப்புகளை) எங்கிருந்தோ இலவசமாக இறக்கித்தான் போடுகிறோம். அது தப்பா? — வாசகி, தாராவி

அன்புள்ள தங்கைக்கு,

அந்த ‘இழுத்துப் போடுகிற வேலை’ என்ற பேச்சை முதலில் தள்ளி வையுங்கள். நீங்கள் சொல்லும் கணக்குப்படி இதுவரை நூற்று நாற்பது தளத்துக்குக் குறையாமல் முடித்திருப்பீர்கள். கடைக்காரர் எந்தக் கட்டத்தில் மனதை மாற்றிக்கொள்வார், எந்த பிளகினை (கூடுதல் வசதிக்காகச் சேர்க்கும் துணை நிரலை) அப்டேட் செய்தால் தொடர்பு படிவம் வேலை செய்யாமல் போகும், போனில் மெனு எங்கே உடையும் என்பதெல்லாம் உங்களுக்குக் கைவந்திருக்கும். இதைக் கோர்ஸில் படித்து வாங்க முடியாது.

சம்பளம் ஏன் அதே இடத்தில் நிற்கிறது என்று கேட்டால், எனக்குத் தெரிகிற காரணம் வேறு. உங்கள் வேலையை உங்களை விடத் தெரிந்த யாரும் இதுவரை பார்த்ததில்லை. கிளையன்ட் பார்ப்பது லோகோ பெரிதாக இருக்கிறதா என்பதை. முதலாளி பார்ப்பது வெள்ளிக்கிழமைக்குள் முடிந்ததா என்பதை. ‘இந்த இடத்தை ஏன் இப்படிச் செய்தாய்’ என்று கேட்க ஒரு ஆள் இல்லை. அப்படி ஆள் இல்லாமல் நான்கு வருடம் வேலை செய்தால், முதல் வருட வேலையையே நான்கு தடவை செய்த மாதிரி ஆகிவிடும். வேர்ட்பிரஸ் மாதிரி, நிரலை யாரும் பார்க்கவும் திருத்தவும் திறந்து வைத்திருக்கும் ஓப்பன் சோர்ஸ் சமூகத்துக்குப் போகச் சொல்வதற்கு என்னிடம் உள்ள காரணம் இது ஒன்றுதான். அங்கே வேலை எல்லோர் கண் முன்னாலும் நடக்கும், தெரிந்தவர்கள் பார்த்துத் திருத்துவார்கள். உள்ளே நுழையும் வாசலும் உங்களுக்குப் பழகியதுதான். தினமும் எந்த இடத்தில் தடுக்கி விழுகிறீர்களோ அந்த இடம்.

வேர்ட்பிரஸ் பிறந்த கதையே அப்படித்தான். பி2 என்று வலைப்பதிவு எழுத ஒரு மென்பொருள் இருந்தது. அதை எழுதியவர் கைவிட்டுவிட்டார். அதைப் பயன்படுத்திக்கொண்டிருந்த மேட் முல்லன்வெக்குக்கு அப்போது 19 வயது, அமெரிக்காவில் கல்லூரி மாணவர். இங்கிலாந்தில் மைக் லிட்டில் என்பவரும் அதையே பயன்படுத்திக்கொண்டிருந்தார். பி2, யாரும் எடுத்துத் திருத்திப் பகிரலாம் என்கிற ஜிபிஎல் உரிமத்தில் இருந்ததால் யாரிடமும் அனுமதி கேட்காமல் அதன் நிரலை எடுத்துத் திருத்தி, 2003 மே 27 அன்று முதல் பதிப்பை வெளியிட்டார்கள். தங்களுக்குத் தேவையானதைத் தாங்களே சரிசெய்துகொள்ளப் புறப்பட்டவர்கள். இன்று உலகத்துத் தளங்களில் நாற்பது சதவீதத்துக்கும் மேல் அதில் ஓடுகின்றன.

சரி, தடுக்கும் இடம் என்று எதைச் சொல்கிறேன்? ஒரு உதாரணத்தைக் கிட்டே போய்ப் பார்ப்போம். மும்பையில் தமிழ்ச் சங்கங்களுக்கும் கோயில் கமிட்டிகளுக்கும் தளம் கட்டும் வாய்ப்பு உங்களைப் போன்றவர்களுக்கு அடிக்கடி வரும். ஒரு சங்கத்தின் தளத்தில் ‘பொங்கல் விழா விளையாட்டுப் போட்டி அறிவிப்பு’ என்று ஒரு பதிவு போடுகிறீர்கள். விழா முடிந்ததும் ‘பொங்கல் விழா விளையாட்டுப் போட்டி முடிவுகள்’ என்று இன்னொன்று. இரண்டின் இணைப்பு முகவரியையும் எடுத்துப் பாருங்கள். முதலாவது ‘பொங்கல்-விழா-விளையாட்டுப’ என்று, கடைசிப் புள்ளிகூட இல்லாமல் அறுந்து நிற்கும். ‘போட்டி’யும் இல்லை, ‘அறிவிப்பு’ம் இல்லை. இரண்டாவதும் ஏறக்குறைய அதே இடத்தில் அறுபட்டு, பின்னால் 2 என்று ஓர் எண்ணை ஒட்டிக்கொண்டு நிற்கும். கமிட்டிச் செயலாளர் ‘என்னம்மா, லிங்க் பாதியில் நிற்கிறதே’ என்று போன் செய்வார். நீங்கள் தலைப்பைச் சுருக்கிக் கொடுத்துவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவீர்கள்.

ஏன் அறுந்தது என்று ஒரு நாள் உட்கார்ந்து தேடியிருந்தால் எவ்வளவு விஷயம் திறந்திருக்கும் பாருங்கள். யூனிகோடில் தமிழின் ஒவ்வொரு குறியும், அதாவது ‘க’ ஒன்று, அதன் மேல் புள்ளி ஒன்று, துணைக்கால் ஒன்று என்று ஒவ்வொன்றும், யுடிஎஃப்-8 முறையில் மூன்று பைட் எடுக்கும். இணைப்பு முகவரிக்காக மாற்றும்போது ஒரு பைட்டுக்கு ஒரு சதவீதக் குறியும் இரண்டு எழுத்தும் என மூன்று இடம். ஆக ஒரு தமிழ்க் குறிக்கு ஒன்பது இடம். வேர்ட்பிரஸ்ஸின் டேட்டாபேஸில் பதிவின் முகவரிக்கு ஒதுக்கியிருப்பது 200 இடம். வகுத்துப் பார்த்தால் 22 குறி வரும், அவ்வளவுதான். இங்கிலீஷில் 200 எழுத்து போட முடிகிற இடத்தில் தமிழுக்கு மூன்று நான்கு சொல்தான். இங்கிலீஷில் மட்டும் தளம் கட்டுகிறவருக்கு இது வாழ்நாள் முழுக்கக் கண்ணில் படாது. உங்களுக்குப் படும்.

கிளையன்ட்டுக்கு இதற்கான பதில் எளிது. நீளமான தமிழ்த் தலைப்பு வரும்போது முகவரியை நீங்களே கையால் குறுக்கி எழுதிவிடுங்கள், வெளியிடுவதற்கு முன்னால். வெளியிட்டுப் பகிர்ந்த பிறகு மாற்றினால் பழைய இணைப்பு புதியதற்குத் திரும்பிப் போகிறதா என்று பார்த்துவிடுங்கள். அப்புறம், டிராக் என்ற இணையதளத்தில் வேர்ட்பிரஸ்ஸின் ஏராளமான பிழைகளும் ஆலோசனைகளும் டிக்கெட்டாக, அதாவது எண்ணிட்ட குறிப்பாக, பதிவாகியிருக்கும். அங்கே இந்த 200 இடம் பற்றித் தேடிப் படியுங்கள். ஒரு நீளத்தைக் கூட்டுவதில் என்னென்ன சிக்கல் வருகிறது, ஏன் சட்டென்று மாற்ற முடியவில்லை என்று அனுபவசாலிகள் வாதாடுவதைப் படிப்பதே பெரிய பாடம். உங்கள் ஆபீசில் அந்தப் பேச்சு ஒரு நாளும் நடந்திருக்காது.

அங்கிருந்து பங்களிப்புக்கு ஒரு சின்ன அடிதான். கோட் எழுதத் தெரிந்தால்தான் உள்ளே விடுவார்கள் என்று நினைக்காதீர்கள். டெஸ்ட் குழு என்று ஒன்று இருக்கிறது. யாரோ ஒரு பிழைக்கு பேட்ச் (திருத்தும் நிரல்) எழுதியிருப்பார். அதைப் போட்டுப் பார்த்து, பிழை உண்மையிலேயே போய்விட்டதா, வேறு எதுவும் உடைந்ததா என்று சொல்ல எப்போதும் ஆள் தேவை. முன்பு இதற்குக் கம்ப்யூட்டரில் நிறைய நிறுவ வேண்டியிருந்தது. இப்போது வேர்ட்பிரஸ் பிளேகிரவுண்ட் பிரவுசரிலேயே முழு வேர்ட்பிரஸ்ஸையும் ஓட்டிக் காட்டுகிறது. ஆபீசில் இருக்கிற பழைய மெஷினே போதும். நீங்கள் சோதித்த டிக்கெட் திருத்தமாகி உள்ளே போகும்போது, அந்த மாற்றத்தின் குறிப்பில் உங்கள் பயனர் பெயரையும் சேர்த்து நன்றி எழுதுவார்கள். அந்தப் பதிப்பின் நன்றிப் பட்டியலிலும் பெயர் வரும்.

இங்கிலீஷ் பயத்துக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. சோதனை அறிக்கைக்கு இலக்கிய நடை வேண்டாம். எந்தப் பதிப்பு, எந்த பிரவுசர், எந்த தீம். என்ன செய்தேன், வரிசையாக. என்ன நடக்க வேண்டும், என்ன நடந்தது. ஒரு ஸ்கிரீன்ஷாட். அவ்வளவே. உலகம் முழுக்க இங்கிலீஷைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள் நிறையப் பேர் அங்கே எழுதுகிறார்கள். சுற்றி வளைத்து எழுதிய நல்ல இங்கிலீஷை விட, நான்கு குட்டி வாக்கியத்தில் பிழையை மறுபடி வரவழைக்கும் வழியைச் சொன்னவருக்குத்தான் அங்கே மதிப்பு. சில மாதம் இப்படி எழுதிப் பழகியபின் கிளையன்ட்டுக்கு நீங்கள் அனுப்பும் மெயிலின் தரமே மாறியிருக்கும்.

தமிழ் மொழிபெயர்ப்பும் ஒரு வாசல். இந்தியத் தமிழ், இலங்கைத் தமிழ் என்று வேர்ட்பிரஸ்ஸில் இரண்டு தனித்தனியாக இருக்கின்றன. நீங்கள் அனுப்புவதை அந்த மொழியின் எடிட்டர் பார்த்து ஏற்ற பிறகே சேரும். ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ள சொற்களைப் படித்துவிட்டுக் கொஞ்சமாக அனுப்புங்கள். மெஷினில் போட்டு மொத்தமாக ஒட்ட வேண்டாம், திருத்துபவருக்கு அது இரட்டை வேலை.

இனி ரியாக்ட். படிக்க வேண்டும்தான், ஆனால் முதலில் அது வேண்டாம் என்பது என் கருத்து. 2018 டிசம்பரில் 5.0 பதிப்போடு வந்த, பத்தி, படம் என்று துண்டு துண்டாகப் பக்கத்தை அமைக்கும் பிளாக் எடிட்டரே ரியாக்ட்டில் எழுதப்பட்டதுதான். ஆகவே இந்த வழியிலேயே போனாலும் ரியாக்ட் உங்களுக்கு எதிரில் வரத்தான் போகிறது. அதற்கு முன்னால், பேஜ் பில்டருக்கு அடியில் என்ன இருக்கிறது என்று பார்க்கிற பழக்கம் வேண்டும். தாராவி தோல் பை கடைக்கு ஒரு தளம் கட்டுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கடைக்காரர் போனில் எடுத்த பெரிய படத்தை முகப்பில் போடச் சொல்கிறார். பேஜ் பில்டரில் அதைப் பின்னணிப் படமாக வைத்துவிடுவது சுலபம், அழகாகவும் இருக்கும். இப்போது அந்தப் பக்கத்தை உங்கள் ஆபீஸ் வைஃபையில் பார்க்காமல், சயானிலிருந்து ரயிலில் போகும்போது ஒரு சாதாரண போனில் திறந்து பாருங்கள். வெள்ளையாக நிற்கும்.

காரணம் இது. 2015 கடைசியில் வந்த 4.4 பதிப்பிலிருந்தே வேர்ட்பிரஸ் ஒரு படத்துக்குப் பல அளவுப் பிரதிகளை பிரவுசரிடம் காட்டி, ‘உன் திரைக்கு எது போதுமோ அதை எடுத்துக்கொள்’ என்கிறது. 5.3-லிருந்து ராட்சசப் படத்தை 2560 பிக்சலுக்குக் குறைத்து வைத்துக்கொள்கிறது. 6.3-லிருந்து முகப்பின் முக்கியப் படத்தை முதலில் இறக்கு என்று பிரவுசருக்குச் சொல்கிறது. சிஎஸ்எஸ் (பக்கத்தின் தோற்றத்தை எழுதும் மொழி) வழியாகப் பின்னணியாக வைத்த படத்துக்கு இந்தப் பல அளவும் இல்லை, முதலில் இறக்கு என்ற குறிப்பும் இல்லை. உள்ளங்கை அகலத் திரைக்கு 2560 பிக்சல் படம் முழுதாக இறங்கும். அதையே சாதாரணப் படமாக வைத்து, மேலே எழுத்தை ஏற்றினால் பிரச்சினை பாதி தீர்ந்தது. பக்கத்தின் மிகப் பெரிய பகுதி இரண்டரை நொடிக்குள் திரைக்கு வர வேண்டும் என்பது கூகுள் சொல்லும் அளவுகோல். மாற்றத்துக்கு முன்னும் பின்னும் பேஜ்ஸ்பீடு சோதனையை ஓட்டி, இரண்டு எண்ணையும் கடைக்காரரிடம் காட்டுங்கள். ‘சைட் போட்டுக் கொடுத்தேன்’ என்பதற்கும் ‘உங்கள் பக்கம் திறக்கும் நேரத்தைக் குறைத்தேன்’ என்பதற்கும் அவர் கொடுக்கும் காசில் வித்தியாசம் இருக்கும்.

ஆக, படிக்கும் வரிசை என்று கேட்டால்: எச்டிஎம்எல்லும் சிஎஸ்எஸ்ஸும் கண்ணை மூடிக்கொண்டு எழுதும் அளவுக்கு. வேர்ட்பிரஸ் எழுதப்பட்டிருக்கும் பிஎச்பி மொழி, படித்துப் புரிந்துகொள்ளும் அளவுக்கு. ஹூக் (வேர்ட்பிரஸ்ஸின் ஓட்டத்தில் நம் நிரலைச் செருக விட்டிருக்கும் இடம்) என்றால் என்ன, எந்தப் பக்கத்துக்கு எந்த டெம்ப்ளேட் கோப்பு வருகிறது என்பது. பிறகு பேஜ் பில்டர் இல்லாமல் ஒரே ஒரு தளத்தை பிளாக் தீமில் கட்டிப் பாருங்கள். இவ்வளவும் முடிந்தபின் ஜாவாஸ்கிரிப்ட், அதன் பிறகு ரியாக்ட். இதில் எதற்கும் வேலையை விட வேண்டியதில்லை.

‘காசில்லாமல் ஏன் உழைக்க வேண்டும்’ என்ற கேள்வியை நீங்கள் கேட்டதில் எனக்குச் சந்தோஷம். கேட்கத்தான் வேண்டும். 22,000 சம்பளத்தில் மும்பையில் குடும்பம் பார்ப்பவர் ராத்திரி கண் விழித்து இலவசமாக உழைக்கச் சொன்னால் அது அநியாயம். இந்த மென்பொருளை வைத்துச் சம்பாதிக்கும் நிறுவனங்கள் தங்கள் உழைப்பில் ஐந்து சதவீதத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று 2014-இல் முல்லன்வெக் முன்வைத்த யோசனை நிறுவனங்களைப் பார்த்துச் சொன்னது. ஆகவே முதலில் உங்கள் முதலாளியிடம் கேளுங்கள்: வாரத்தில் இரண்டு மணி நேரம், ஆபீஸ் நேரத்தில், ஆபீஸ் பெயரையும் சேர்த்துப் போடுகிறேன் என்று. ஒத்துக்கொள்ளாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் போதும், அதற்கு மேல் கொடுக்காதீர்கள். உங்கள் சம்பள வேலையில் பயன்படுகிற விஷயத்துக்கு மட்டும் கொடுங்கள். ஒரு கம்பெனி விலைக்கு விற்கும் தன் பிளகினை ‘சமூகத்துக்காக’ இலவசமாகத் தமிழில் மாற்றித் தரச் சொன்னால், விலை சொல்லுங்கள். ஓப்பன் சோர்ஸ் என்ற பெயரில் இளம் பிள்ளைகளிடம் சும்மா வேலை வாங்குகிறவர்களும் உண்டு என்பதைச் சொல்லாமல் விட எனக்கு மனம் வரவில்லை.

மீட்டப்புக்கு மறுபடி போங்கள். இந்த முறை கையில் ஒரு சிக்கலோடு போங்கள். அந்த 22 குறி விஷயத்தையே கொண்டு போகலாம். மேடைப் பேச்சு இங்கிலீஷில் நடக்கட்டும். டீ நேரத்தில் பாதிப் பேர் இந்தியில்தான் பேசுவார்கள், அது உங்களுக்குத் தண்ணீர் பட்ட பாடு. பக்கத்தில் இருப்பவரிடம் லேப்டாப்பைத் திறந்து ‘இதைப் பாருங்களேன்’ என்றால் ஐந்து நிமிடத்தில் நாலு பேர் சுற்றி நிற்பார்கள். மும்பைக்கு இந்த உலகம் புதிதல்ல. 2016-இல் ட்ரூபல் என்ற இன்னொரு ஓப்பன் சோர்ஸ் மென்பொருளின் மாநாடான ட்ரூபல்கான் ஆசியா பவாயில் ஐஐடி வளாகத்தில் நடந்தது. பாங்காக், தைபே, மணிலா என்று போன ஆசிய வேர்ட்கேம்ப் (வேர்ட்பிரஸ் மாநாடு) 2026 ஏப்ரலுக்குத் தேர்ந்தெடுத்தது மும்பையை, அதுவும் உங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே, பிகேசி (பாந்த்ரா–குர்லா வளாகம்) ஜியோ வேர்ல்டு கன்வென்ஷன் சென்டரை. அதில் முதல் நாள் பங்களிப்பு நாள். ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு மேஜை, அதில் புதியவருக்குச் சொல்லிக்கொடுக்கவே ஆள். ஊர் வேர்ட்கேம்ப்கள் பலவற்றிலும் இப்படி ஒரு நாள் உண்டு. டிக்கெட் காசு கஷ்டமென்றால் தன்னார்வலராக விண்ணப்பியுங்கள். பதிவு மேஜையில் ஒரு நாள் நின்றால் மேடைக்காரர்கள் எல்லோரையும் பெயரோடு தெரிந்துவிடும்.

இலவசமாக இறக்கும் தீம் விஷயத்தில் நேராகவே சொல்கிறேன், நிறுத்துங்கள். ஜிபிஎல் உரிமம் உள்ள நிரலை ஒருவர் இன்னொருவருக்குக் கொடுப்பது சட்டப்படி குற்றம் இல்லை என்று உங்கள் முதலாளி சொல்லக்கூடும். நிரலைப் பொறுத்தவரை அது சரி. ஆனால் அந்த ஜிப் கோப்பைத் திறந்து நடுவில் யார் எதைச் செருகினார்கள் என்று உங்களுக்குத் தெரியாது. வெளியாள் தளத்துக்குள் திருட்டுத்தனமாக நுழையப் பின்வாசல் வைத்த கோப்புகள் இப்படித்தான் பரவுகின்றன. பாதுகாப்பு அப்டேட்டும் வராது. ஒரு நாள் ஏதோ ஒரு துணிக்கடையின் தளத்தில் சூதாட்ட விளம்பரம் ஓடும்போது திட்டு வாங்குவது நீங்களும் கடைக்காரரும்தான். வேர்ட்பிரஸ்ஸின் சொந்த தீம் பட்டியலில் காசில்லாமல் கிடைப்பதை எடுங்கள், அல்லது விலையை கிளையன்ட்டின் பில்லில் சேருங்கள். கையோடு இன்னொன்றையும் கவனியுங்கள். டொமைன் யார் பெயரில் பதிவாகியிருக்கிறது? ஆபீஸ் பெயரில் என்றால், கிளையன்ட் பெயருக்கு மாற்றச் சொல்லி ஒரு தடவையாவது வாய் திறந்து சொல்லுங்கள். அது அவருடைய சொத்து.

ராஜினாமாவை இப்போது கொடுக்காதீர்கள். இந்த வாரம் வேர்ட்பிரஸ்.ஆர்க் தளத்தில் ஒரு கணக்கைத் திறந்து, உங்கள் பெயரிலேயே புரொஃபைலை நிரப்புங்கள். எந்தக் குழுவில் என்ன செய்தீர்கள் என்பது அதில் தேதியோடு தானாக ஏறிக்கொண்டே வரும். நான் ஆள் எடுக்கும்போது சான்றிதழுக்கு முன்னால் அதைத்தான் திறந்து பார்க்கிறேன். ஒருவர் எழுதிய நாலு சோதனை அறிக்கையைப் படித்தால் அவர் எப்படி யோசிக்கிறார் என்று தெரிந்துவிடும். ஆறு மாதம் இதைச் செய்யுங்கள். அதன் பிறகு அந்தப் புரொஃபைல் இணைப்பையும், திறக்கும் நேரத்தைக் குறைத்த இரண்டு தளங்களின் முன்–பின் எண்களையும் வைத்து முதலில் உங்கள் முதலாளியிடமே சம்பளத்தைப் பேசுங்கள். அவர் தலையாட்டாவிட்டால் அதே இரண்டையும் இணைத்து வெளியே விண்ணப்பியுங்கள். புனே, அகமதாபாத் பக்கமும் பாருங்கள், வேர்ட்பிரஸ் வேலையையே முழுநேரத் தொழிலாகச் செய்யும் நிறுவனங்கள் அங்கேயும் இருக்கின்றன. விண்ணப்பத்தில் ‘பேஜ் பில்டரில் வேலை செய்கிறேன்’ என்று கூச்சத்தோடு எழுத வேண்டாம். எத்தனை தளம் முடித்தீர்கள், அவற்றில் எத்தனை இன்றும் உங்கள் பராமரிப்பில் ஓடுகின்றன என்பதை முதல் வரியிலேயே எழுதுங்கள்.